பொழைக்க வந்த ஊருன்னா கேள்வி கேக்கக் கூடாதா?

மக்களே, ஒரு விஷயம் ரொம்ப நாளா தொண்டையில நிக்குது. இன்னிக்குச் சொல்லிடறேன்.

மைசூருல நம்ம ஆளுங்க நாலு பேர் சேர்ந்தா பேச்செல்லாம் தமிழ்நாட்டு அரசியல்தான். கோயமுத்தூருக்கு மெட்ரோ வருமா, திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல கூட்டம் எப்படி, எல்லாம் தெரியும். சரி, நம்ம தேவராஜ மார்க்கெட் என்னாச்சுன்னு கேட்டுப் பாருங்க. "நமக்கென்ன சார், நாம பொழைக்க வந்தவங்க. இது அவங்க ஊரு."

எனக்குப் பத்திக்கிட்டு வர்றது இந்த பதிலைக் கேட்டுத்தான். வாடகையிலயோ நேராவோ இந்த மாநகராட்சிக்கு வரி கட்டுறோம். பிள்ளைங்க இங்கதான் கன்னடம் எழுதப் படிக்கக் கத்துக்குதுங்க. தசராவுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு "எங்க ஊரு"ன்னு பெருமையா சுத்திக் காட்டுறோம். கேள்வி கேக்கணும்னா மட்டும் அவங்க ஊரா?

வேற ஊர்ல, வேற நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் முன்கதை. தசரா ஊர்வலம் போற சயாஜி ராவ் ரோட்டை ஒட்டி இருக்கிறது தேவராஜ மார்க்கெட். 19-ம் நூற்றாண்டுக் கடைசியில, சாமராஜ உடையார் காலத்துல எழுந்த கட்டடம். கூம்பு கூம்பா குவிச்ச குங்குமம், மைசூர் மல்லி, மைசூர் வெத்திலை, நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழம்... (கடைசி மூணுக்கும் புவிசார் குறியீடு இருக்கு.) 2016 ஆகஸ்டுல இதோட வடக்குப் பக்கத்துல ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. பக்கத்துல இருக்கிற லான்ஸ்டவுன் கட்டடம் 1892-ல கட்டினது. அதுல ஒரு பகுதி 2012 ஆகஸ்டுல விழுந்து நாலு உயிர் போச்சு.

அதுல இருந்து சண்டைதான். இடிச்சுட்டுப் புதுசா கட்டணும்னு மாநகராட்சி. பழுதுபார்த்தே காப்பாத்தலாம்னு இன்டாக் அமைப்பும் பாரம்பரிய ஆர்வலர்களும். 2023-ல கர்நாடக உயர் நீதிமன்றம் இடிக்கிற முடிவுக்குத் தடை போட மறுத்துடுச்சு. அதுக்கப்புறமும் வாக்குவாதம் ஓயலை.

என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். இடிக்கக் கூடாது. பழுதுதான் பார்க்கணும்.

"உயிர் போனா நீ பொறுப்பேத்துக்குவியா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நாலு உயிர் போனதை யாரும் சின்ன விஷயம்னு சொல்ல முடியாது. ஆனா சுண்ணாம்புக் கட்டடம் வயசாச்சுங்கிறதாலயே விழுந்துடாது. கூரை ஒழுகி, சுவர்ல தண்ணி இறங்கி, அதை யாரும் கவனிக்காம, மேலே சிமென்ட்டைப் பூசி ஈரத்தை உள்ளயே அடைச்சு வெச்சா பலவீனமாகும். பராமரிக்க வேண்டியவங்க பராமரிக்காம விட்டுட்டு, கடைசியில பழி கட்டடத்து வயசு மேல!

நம்ம சென்னையையே பாருங்க. சேப்பாக்கம் கலச மகால், 1768-ல கட்டின நவாப் அரண்மனை. 2012 ஜனவரியில தீப்பிடிச்சு கூரை சரிஞ்சுச்சு. தீயணைப்பு அதிகாரி ஒருத்தர் உயிரையே விட்டார். அதை இடிச்சுத் தள்ளலை. பொதுப்பணித்துறை சுண்ணாம்புக் காரையில பழைய முறைப்படியே சீர் செஞ்சுது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வுக்கு அந்த இடத்தைக் கொடுத்தாங்க. எரிஞ்சுபோன அரண்மனையையே மீட்க முடியும்னா, பெரும்பகுதி நிக்கிற மார்க்கெட்டை முடியாதா?

"அதே மாதிரி புதுசா கட்டித் தருவாங்களே"ன்னு அடுத்த சமாதானம். வெளித்தோற்றத்தை அப்படியே கட்டிடலாம். கூடை நிறைய மல்லி வெச்சு விக்கிறவங்களுக்கு அதே இடத்துல, அதே வாடகையில கடை கிடைக்கும்னு யார் எழுதிக் கொடுப்பாங்க? சென்னை மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சுச்சு. லான்ஸ்டவுன் மாதிரியே அதுவும் பழைய புத்தகக் கடைக்குப் பேர் போன இடம். கடைக்காரங்களுக்கு அல்லிக்குளத்துல இடம் கொடுத்தாங்க. பழைய கூட்டம் திரும்பி வரலை. மூர் மார்க்கெட்டுங்கிற பேர் இப்ப புறநகர் ரயில் நிலையத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு சொல்வீங்க, குரலைத் தாழ்த்தி. "நாம தமிழங்க. வாயைத் திறந்தா காவிரிப் பிரச்சினை மாதிரி ஆயிடும்." காவிரி நேரத்துல வர்ற பயம் எனக்கும் தெரியும். ஆனா யாதவகிரி பக்கம் போய்ப் பாருங்க. ஆர்.கே.நாராயண் வீடு இருக்கு. சென்னையில பிறந்த தமிழ்க் குடும்பத்துக்காரர், எழுதினதோ இங்கிலீஷ்ல. 2011-ல அந்த வீட்டை இடிக்க ஆரம்பிச்சப்போ 'ஸ்டார் ஆஃப் மைசூர்' செய்தி போட்டுச்சு. ஊர் கேள்வி கேட்டுச்சு, இடிக்கிறது நின்னுச்சு. கன்னடத்துல எழுதாதவருக்கு எதுக்கு நினைவில்லம்னு சில கன்னட எழுத்தாளர்கள் எதிர்த்தாங்க, உண்மைதான். அதையும் தாண்டி பொதுப் பணத்துல சீர் செஞ்சு 2016 ஜூலையில அருங்காட்சியகமா திறந்தாங்க. நம்ம வீட்டுப் பிள்ளை ஒருத்தரோட வீட்டுக்காக இந்த ஊர் பேசியிருக்கு. அவங்க மார்க்கெட்டுக்காக நாம பேசினா என்ன குறைஞ்சுடும்?

பெரிசா ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு உள்ளூர் பத்திரிகை வாங்குங்க. கன்னடம் வரலைன்னா பிள்ளையைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, அதுக்கும் பெருமையா இருக்கும். பூவும் வெத்திலையும் வாரத்துல ஒரு நாளாவது மார்க்கெட்டுல போய் வாங்குங்க. கடைக்காரர்கிட்ட "ஏனாயிது?"ன்னு கேளுங்க, அரை மணி நேரம் பேசுவார். இங்கயே நிரந்தரமா இருக்கப் போறீங்கன்னா வாக்காளர் பட்டியல்ல பேரை இந்த ஊருக்கு மாத்துங்க. ஓட்டு ஒரு ஊர்ல, குடித்தனம் இன்னொரு ஊர்லன்னு இருந்தா ரெண்டு ஊர்லயும் நம்ம பேச்சு எடுபடாது.

துபாயோ டொரன்டோவோ, நீங்க இருக்கிற இடத்துலயும் இப்படி ஒரு மார்க்கெட்டோ நூலகமோ இருக்கும். அதைப் பத்தி அந்த ஊர்க்காரங்க கூட்டம் போட்டா, பின்வரிசையிலயாவது போய் உக்காருங்க.

டிஸ்கி: "சார், மார்க்கெட்டுல பார்க்கிங் இல்லையே"ன்னு சொல்லப்போற நண்பர்களுக்கு: பஸ்ஸுல போங்க! :-)