பெட்டியின் ஓட்டையை அடைக்காதீர்கள்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். எரிமலைகளும் சூரிய அடுப்புகளும் வரிசையாக நின்ற கூடத்தின் ஒரு மூலையில், பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாமே செய்த ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். பிளைவுட் பலகையால் ஆன பெட்டி. முன்பக்கத்தில் ஓர் ஐந்து அங்குல ஸ்பீக்கர். அதற்குக் கீழே ஒரு வட்டத் துளை. துளையில் உட்புறமாகச் செருகிய பி.வி.சி. குழாய்.

பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். தவிலின் தொப்பி ஒலி மார்பில் வந்து மோதியது. ஆனால் பாடகர் வாய் திறந்ததும், யாரோ தண்ணீர்க் குழாய்க்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல் ஒரு மூக்கொலி. உடன் வந்த நடுவர் ஒருவர், "அந்த ஓட்டையில பஞ்சை அடைச்சிடு தம்பி, சரியாயிடும்" என்றார். மாணவர் தம் கைக்குட்டையைச் சுருட்டித் திணித்தார். மூக்கொலி போயிற்று. தவிலும் கூடவே போயிற்று. "இப்ப சுத்தமா இருக்கு சார்" என்றார் அவர். முகத்தில் மட்டும் அந்தச் சுத்தத்தைக் காணோம்.

நான் பேசாமல் நகர்ந்துவிட்டேன். அன்று பேசியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேசாததற்குக் காரணமும் உண்டு. 1999-இல், இயற்பியல் இளங்கலை மாணவனாக இருந்தபோது, நானும் ஒரு பெட்டி செய்து, அதே மூக்கொலியைக் கேட்டு, இலவம் பஞ்சால் ஓட்டையை அடைத்து, இரண்டு ஆண்டுகள் அதையே 'நல்ல ஒலி' என்று கேட்டுக்கொண்டிருந்தவன். அதே நாட்களில்தான் ஆய்வகத்தில் இசைக்கவையும் நீரும் கொண்டு ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பச் சோதனையைச் செய்து முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கண்ணாடிக் குழாயும் என் பெட்டியிலிருந்த குழாயும் உறவினர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

முதலில் அந்தத் துளை ஏன் இருக்கிறது என்று பார்ப்போம். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரே சுரம் எழும். கழுத்திலுள்ள காற்று ஒரு கட்டிபோலவும், உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில்போலவும் செயல்படுகின்றன. கட்டி வில்லின்மேல் ஏறி இறங்குகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய குடுவைகளைக் கொண்டு ஓசைகளைப் பகுத்துக் காட்டினார். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் ஒலியை மாற்றுவதும் இதே விதியால்தான்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது, முன்பக்கத்தில் எழும் ஒலியைப் போலவே பின்பக்கத்திலும் எழுகிறது. மூடிய பெட்டியில் இந்தப் பின்பக்க ஒலி வீணாகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1930-இல் விண்ணப்பித்து 1932-இல் பெற்ற காப்புரிமை, அந்த வீணாகும் ஒலியைத் துளை வழியே பயன்படுத்தும் முறையைக் கூறியது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவருக்குப்பின் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் இதைக் கணக்காக்கித் தந்தனர். குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணில் குழாய்க் காற்று ஒத்ததிர்ந்து, கூம்புக்குப் பதிலாகத் தானே பாடுகிறது. அந்த இடத்தில் கூம்பு ஏறக்குறைய நின்றுவிடும். காற்றுதான் வேலை செய்யும். ஆகவே இந்த ஒத்ததிர்வு நாம் விலைகொடுத்து வாங்கிய பொருள். நோய் அன்று.

ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். உள்ளளவு 40 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், அதாவது 20 லிட்டர். குழாயின் உள்விட்டம் 5 செ.மீ., நீளம் 10 செ.மீ. குழாயின் குறுக்குப் பரப்பை, பெட்டியின் கன அளவையும் குழாயின் நீளத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். அதை ஒலியின் வேகத்தால் பெருக்கி 6.28-ஆல் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 349 மீட்டர். விடை 55 ஹெர்ட்ஸ்.

ஆனால் பெட்டியைச் செய்து அளந்தால் 55 வராது. சுமார் 47 வரும். குழாயின் இரு வாய்களுக்கும் வெளியே உள்ள சிறிதளவு காற்றும் சேர்ந்து அசைவதே காரணம். ஆய்வகத்தில் 'முனைத்திருத்தம், 0.3 பெருக்கல் விட்டம்' என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோமே, அதுதான் இது. பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு 1.5 செ.மீ., பலகையோடு சமமாக முடியும் முனைக்குச் சற்று அதிகமாக 2.1 செ.மீ. ஆக 10 செ.மீ. குழாய் 13.6 செ.மீ. குழாய்போல் நடக்கிறது. ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரு தொல்லையாகத் தோன்றிய அந்தச் சிறு எண், இங்கே 8 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இதைக் கண்டபோது எனக்கு என் ஆசிரியர்கள்மீது ஒரு கோபமே வந்தது. இப்போது நானே ஆசிரியன். ஆகவே அந்தக் கோபத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கிறேன்.

சரி, மூக்கொலி எங்கிருந்து வருகிறது? குழாய்க்கு இன்னொரு முகம் உண்டு. இரு முனையும் திறந்த குழாய் என்ற முறையில், புல்லாங்குழலைப்போல, அதற்குச் சொந்தமாக ஒரு நிலை அலை இருக்கிறது. ஒலியின் வேகத்தை 13.6 செ.மீ.-இன் இரட்டிப்பால் வகுத்தால் 1,280 ஹெர்ட்ஸ் அளவில் வரும். மனிதக் குரலின் தெளிவு தங்கியிருக்கும் பகுதி அது. நம் செவியும் அங்கே மிகக் கூர்மையானது. பெட்டிக்குள்ளும் நிலை அலைகள் உண்டு. 40 செ.மீ. உயரத்துக்கு 436 ஹெர்ட்ஸ், 25 செ.மீ. அகலத்துக்கு 698, 20 செ.மீ. ஆழத்துக்கு 872. இவையெல்லாம் குழாயைச் சன்னலாக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கின்றன. (40-க்கு 20 சரிபாதியாக இருப்பதால் உயரத்தின் இரண்டாம் அலையும் ஆழத்தின் முதல் அலையும் ஒரே இடத்தில் விழும். இது நல்ல தேர்வன்று. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எடுத்தேன். நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள்.) மூன்றாவதாக, ஒலியை உரக்க வைத்தால் 'புஸ் புஸ்' என்று கேட்கும் காற்றிரைச்சல். இது ஒத்ததிர்வே அன்று. குழாயின் கூரிய விளிம்பில் காற்று சுழித்து ஓடுவதால் எழுவது.

ஆகத் தவிலுக்கு உதவும் 47, வேண்டாத 1,280, பெட்டியின் 436 முதலியன, அப்புறம் காற்றிரைச்சல். பஞ்சு இவற்றுள் எதையும் பிரித்தறியாது. எல்லாவற்றையும் ஒரே அடியாக அடக்கும். என் வழக்கு இவ்வளவுதான்: எது குற்றவாளி என்று கேட்காமல் ஊரையே சிறையில் அடைக்கக் கூடாது.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். பெட்டியைச் சுவரோரம் வைப்பவர்களுக்கென்று ஒலிபெருக்கி செய்யும் நிறுவனங்கள் சிலவே ஸ்பாஞ்சு அடைப்பான்களைக் கொடுக்கின்றன. முழுவதும் மூடிய பெட்டியும் நல்ல பெட்டியே. தாழ்ந்த ஒலி கொஞ்சம் குறைந்தாலும் போதும் என்று தெரிந்து மூடுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. மூக்கொலிக்கு மருந்து என்று நினைத்து மூடுகிறவரோடுதான்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலிகள் கைப்பேசிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. கைப்பேசியை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, ஒலியை மெதுவாக வைத்து, 400 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 வரை படிப்படியாக ஏற்றுங்கள். காதைக் குழாய் வாயருகே வையுங்கள். சில இடங்களில் ஒலி திடீரென்று வீங்கும். அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பழைய நோட்டு அட்டையைச் சுருட்டிக் குழாய் வாயில் செருகி, அதன் நீளத்தை 3 செ.மீ. கூட்டி, மறுபடியும் செய்யுங்கள். 1,280-இல் இருந்த வீக்கம் 1,050 பக்கம் இறங்கிவிட்டதா? அது குழாயின் குற்றம். 436-இல் இருந்தது நகரவில்லையா? அது பெட்டியின் குற்றம். குழாயைத் திட்டிப் பயனில்லை.

பெட்டியின் குற்றமானால் மருந்து இரண்டு. உள்சுவர்களில் 2.5 செ.மீ. கனத்தில் ஸ்பாஞ்சு ஒட்டினால் 700-க்கு மேற்பட்டவை தணியும். 436 அவ்வளவு எளிதில் அடங்காது. அதன் அலைநீளம் 80 செ.மீ., மெல்லிய ஸ்பாஞ்சை அது பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த அலைக்கு அழுத்தம் மிகுவது பெட்டியின் மேல்தளத்திலும் அடித்தளத்திலும். நடு உயரத்தில் அழுத்த மாறுபாடு இல்லை. குழாயின் உள்வாயை நடு உயரத்தில் வைத்தால் 436-க்குச் சன்னல் மூடிவிடும், பஞ்சே இல்லாமல்! நாம் வழக்கமாகக் குழாயை வைப்பதோ அடித்தளத்தை ஒட்டி, அதாவது இருப்பதிலேயே மோசமான இடத்தில். குழாயின் உள்வாய்க்கு எதிரே குறைந்தது அதன் விட்டத்தின் அளவுக்காவது வெற்றிடம் விடுங்கள்.

குழாயின் குற்றமானால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 47 ஹெர்ட்ஸை விடாமல் குழாயைச் சிறிதாக்கலாம். 3.8 செ.மீ. விட்டமானால் 5 செ.மீ. நீளமே போதும், அதன் சொந்தச் சுரம் 2,200 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஆனால் அதே காற்று சிறிய வழியே போகவேண்டும். வேகம் ஒன்றே முக்கால் மடங்காகும். 'புஸ்' வந்து சேரும். பெரிதாக்கினால்? 7.5 செ.மீ. விட்டத்துக்கு நீளம் 25 செ.மீ. வேண்டும். 20 செ.மீ. ஆழமுள்ள பெட்டியில் அது நேராக நுழையவே நுழையாது. நுழைந்தாலும் சொந்தச் சுரம் 570-க்கு இறங்கி, குரலின் நடுவில் வந்து உட்காரும். காற்றின் வேகம் ஒலியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம் என்பது பெட்டி செய்பவர்களின் பழக்கக் கணக்கு. விளிம்புகளை உப்புத்தாள் கொண்டு உருட்டையாகத் தேய்ப்பதும் உதவும்.

எளிய வழி ஒன்றுண்டு: குழாயைப் பின்பலகைக்கு மாற்றுவது. 47 ஹெர்ட்ஸ் ஒலி எல்லாத் திசையிலும் பரவும். மூக்கொலியின் பெரும்பகுதி சுவரைப் பார்த்துப் போய்விடும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடமாவது இருக்கட்டும்.

இன்னொரு வழியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குழாயின் நிலை அலைக்கு அழுத்தம் மிகுவது அதன் நட்ட நடுவில். 2012-இல் வெளிவந்த கே.இ.எஃப். நிறுவனத்தின் எல்.எஸ். 50 என்ற ஒலிபெருக்கியில், குழாய்ச் சுவரின் ஒரு பகுதியை வளையும் நுரைப்பொருளால் செய்தார்கள். அந்த இடத்தில் சுவர் விட்டுக்கொடுப்பதால் நிலை அலை வலுப்பெறுவதில்லை. தாழ்ந்த ஒலியோ பெரிதும் பாதிக்கப்படாமல் போய்வருகிறது. பஞ்சை வாயில் திணிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! இரண்டிலும் பொருள் மென்மையானதுதான். வைக்கும் இடம் தெரிந்து வைக்கிறார்கள்.

அன்று அந்த மாணவரிடம், "குழாய் ஏன் 10 செ.மீ.?" என்று கேட்டேன். "அந்த அளவுத் துண்டுதான் சார் கிடைச்சது" என்றார். பொய் சொல்லாத பதில். அவருடைய விளக்க அட்டையில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் படம் இருந்தது. அளந்த எண் ஒன்றுகூட இல்லை. குறை அவருடையதன்று. கண்காட்சிக்கு நாங்கள் கொண்டுபோன மதிப்பெண் தாளில் அழகுக்கு இடமிருந்தது, விளக்கும் திறனுக்கு இடமிருந்தது; 'என்ன அளந்தாய்?' என்ற கேள்விக்கு இடமில்லை. அந்த ஓர் இடத்தைச் சேர்க்கவேண்டும் என்பதும், காற்றுத் தம்பச் சோதனைக்குப் பக்கத்திலேயே குழாய் வைத்த ஒரு பெட்டியும் இருக்கவேண்டும் என்பதும் என் கோரிக்கை. பத்துப் பலகைத் துண்டும் ஒரு பழைய ஸ்பீக்கரும் கிடைக்காத பள்ளி இருக்க முடியாது.

பெட்டி கிடைத்தால் செய்யவேண்டிய முதல் சோதனை இது. ஸ்பீக்கரும் குழாயும் மேல்நோக்கியிருக்கும்படி பெட்டியைப் படுக்கவைத்து, கூம்பின்மேல் நான்கைந்து சவ்வரிசியைப் போடுங்கள். 80 ஹெர்ட்ஸில் தொடங்கிச் சிறிது சிறிதாக இறங்குங்கள். சவ்வரிசி துள்ளிக்கொண்டே வரும். ஓரிடத்தில் துள்ளல் அடங்கும். குழாய் வாயில் பிடித்த காகிதத் துண்டு அப்போதுதான் படபடக்கும். அந்த எண்ணைக் கணக்கிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். இன்னும் கீழே இறங்கினால் கூம்பு கட்டுமீறித் துள்ளும். அங்கே ஒலியை உரக்க வைக்காதீர்கள், ஸ்பீக்கர் கெடும். முடிந்ததும் சவ்வரிசியை எண்ணிப் பொறுக்கிவிடுங்கள். கூம்பின் ஓரத்தில் ஒன்று தங்கிவிட்டாலும் புதிதாக ஒரு கரகரப்பு கேட்கும். அதற்கும் யாராவது ஓட்டையை அடைக்கச் சொல்வார்கள்.