உயிருக்குமா தவணை?

காருக்கு ஆறு காற்றுப் பை கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வரைவு விதி வெளியிட்டது மத்திய சர்க்கார். அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வரும் என்றார்கள். பிறகு 2023 அக்டோபர் என்றார்கள். அந்த நாளும் நெருங்கியபோது, 'கட்டாயமாக்கப் போவதில்லை' என்று கூறிவிட்டார் அமைச்சர் நிதின் கட்காரி! கைவிட்ட அந்த விதியை மீண்டும் கையிலெடுங்கள் என்று கேட்கிறோம்.

'காற்றடைத்த பைக்கா இத்தனை கூச்சல்?' என்று கேலி பேசுவோர் உண்டு. அந்தப் பை செய்யும் வேலையைக் கேளுங்கள். விரைந்து செல்லும் கார் எதிலோ மோதுகிறது. கார் நின்றுவிட்டது, உள்ளே இருப்பவர் நிற்கவில்லை! கார் போன அதே வேகத்தில் அவர் உடல் முன்னே பாய்கிறது. எதிரே என்ன? ஸ்டீரிங்! கண்ணாடி! இரும்பு! அப்போது, ஒரு நொடியை இருபது கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரத்துக்குள், வேகம் திடீரென்று அறுந்ததைக் கருவி உணர்கிறது, மின்பொறி தட்டுகிறது, மருந்து எரிந்து வாயு பிறக்கிறது, நைலான் பை விரிகிறது. மார்பு போய் மோதுமுன் மெத்தை தயார்! அது பந்துபோல் விறைத்து நின்று திருப்பி அடிப்பதுமில்லை. பையிலுள்ள துளைகள் வழியே வாயு வெளியேற, உடல் அதில் அமிழ்ந்து வேகம் தணிகிறது. ஓரிடத்தில் இறங்கியிருக்க வேண்டிய இடி, பரவி மெலிகிறது. கண்ணை இமை காப்பதுபோல் என்பார்கள். இந்தப் பை இமையினும் விரைவு!

ஆனால் பை இருக்கிறதென்று சீட் பெல்ட்டை மறப்பவர் ஏமாந்துபோவார். உடலைப் பிடித்து நிறுத்துவது பெல்ட். தலையையும் மார்பையும் தாங்குவது பை. பெல்ட் இல்லாமல் முன்னே சரிந்தவரை, விரியும் பையே தாக்கவும் கூடும்.

இரண்டு போதாதா, ஆறு எதற்கு என்பார்கள். முன்னிரண்டு பைகள் முன்புற மோதலுக்கு. பக்கவாட்டில் லாரி வந்து இடித்தால்? குறுக்கே இருப்பது ஒரு கதவின் கனம்தானே! அங்கே முன்னிருக்கையில் இருப்போரின் விலாவுக்கு இரண்டு; முன்னும் பின்னும் அமர்ந்தோரின் தலையைக் காக்கத் திரைபோல் இறங்குபவை இரண்டு. பின்னிருக்கையில் தாயும் பிள்ளையும் இருப்பார்களே, அவர்கள் தலை தலையில்லையா?

'விலை ஏறும், சாமானியன் கார் வாங்க முடியாது' என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். பழைய பல்லவி! அமெரிக்கா அதைக் கேட்டுச் சலித்த நாடு. அங்கே ஜான் ஹெட்ரிக் என்பவர் இந்தப் பைக்குக் காப்புரிமை பெற்றது 1953இல். 1971இல் ஃபோர்டு கம்பெனியின் இரண்டாம் ஹென்றி ஃபோர்டும் லீ ஐயகோக்காவும் அதிபர் நிக்சனிடம் போய், பாதுகாப்பு விதிகளால் செலவு கூடுகிறதென்று முறையிட்டார்கள். அந்தப் பேச்சு ஒலிநாடாவிலேயே பதிவாகியிருக்கிறது. 1977இல் ஓர் ஆட்சி விதி செய்தது. 1981இல் ரீகன் ஆட்சி அதை ரத்து செய்தது. 'ரத்து செய்தது முறையல்ல' என்று 1983இல் உச்சநீதிமன்றம் தட்டிக் கேட்டது. 1991இல் சட்டம் வந்தது. 1998ஆம் ஆண்டு மாடல்களில்தான் கார்தோறும் முன்னிரண்டு பைகள் கட்டாயமாயின. கருவி பிறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள்!

அங்கே கார்த் தொழில் படுத்துவிட்டதா? இல்லை. அதே ஐயகோக்கா, பின்னர் கிரைஸ்லர் கம்பெனியின் தலைவராகி, 1990இல் உள்நாட்டில் செய்த தம் கார்கள் அனைத்திலும் ஓட்டுநருக்குப் பை வைத்து, அதையே பெருமையாக விளம்பரமும் செய்தார்! 1987 முதல் 2017 வரை முன்பைகள் காத்த உயிர்கள் 50,000க்கு மேல் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது. தாமதித்த ஆண்டுகளில் போன உயிர்களுக்கு யார் பொறுப்பு?

இங்கே ஓட்டுநருக்கு ஒரு பை கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். பக்கத்தில் இருப்பவருக்கு 2021இல். ஏற்றுமதியாகும் கார்களில் ஆறு பை, உள்நாட்டுக் காருக்கு மட்டும் தயக்கமா என்று 2022இல் கேட்டவர் அமைச்சர் கட்காரியேதான்! நல்ல கேள்வி. கேட்டவரே ஏன் பின்வாங்கினார்?

போட்டியே கம்பெனிகளைப் பை வைக்கச் செய்யும் என்பது அவர் வாதம். பல மாடல்களில் ஆறு பைகள் வந்திருப்பது உண்மை, மகிழ்கிறோம். ஆனால் தருவதும் மறுப்பதும் கம்பெனியின் மனம் போலென்றால் அது சலுகை. சட்டம் தந்தால்தான் உரிமை!

விபத்தில் மகனைப் பறிகொடுத்தவரிடம், 'எல்லாம் விதி' என்று ஆறுதல் சொல்லும் நாடு இது. விதி எங்கே இருக்கிறது? நெற்றியிலா? இல்லை, அமைச்சரகத்தின் கோப்பிலே கிடக்கிறது! மக்களைத் தலைவிதியை நம்பச் சொல்லாதீர்கள்; சட்ட விதியை எழுதுங்கள்!