எண் சரி, அளந்த விதம் சரியா?

2021ஆம் ஆண்டு, கொவிட்-19 காலத்தில், தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஓர் ஆக்சிமீட்டரை இலவசமாக வழங்கியது பலருக்கும் நினைவிருக்கும். விரலில் மாட்டினால் இரத்தத்தில் உள்ள உயிர்வாயுவின் அளவை விழுக்காட்டில் காட்டும் சிறிய கருவி. என் வீட்டு இழுப்பறையில் அது இன்னும் கிடக்கிறது. அன்று அது காட்டிய எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தோம், அல்லது பதறினோம். அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அந்த அளவீட்டு முறையைக் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. 1970களின் தொடக்கத்தில் அவர் உண்மையில் வேறொன்றை அளக்க முயன்றார். இரத்தத்தில் சாயம் செலுத்தி, காதுமடல் வழியே ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அறிவதே அவர் நோக்கம். நாடித்துடிப்பு குறுக்கிட்டு அளவைக் குழப்பிக்கொண்டே இருந்தது. அதை நீக்கப் போராடியவருக்கு ஒரு கட்டத்தில் பொறி தட்டியது. துடிப்பது தமனி இரத்தம். துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், தோல், தசை, எலும்பு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு அந்த இரத்தத்தை மட்டும் பார்க்கலாம். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகள் போதும். 1974இல் அவர் இதை அறிவித்தார்.

ஆனால் ஒளி தோலைக் கடந்துதான் போக வேண்டும். தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். கறுப்பினத்தவரிடம் கருவியின் துல்லியம் குறைகிறது என்று 1990லேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுதான் உலகை உலுக்கியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி இரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியோ, 10 பேரிடம் சோதித்து அதில் இருவர் கருநிறத்தவராக இருந்தால் போதும் என்றிருந்தது. 2025 ஜனவரியில் வெளியான வரைவு, 150 பேருக்குக் குறையாமல் சோதிக்க வேண்டும் என்கிறது.

மாநிறமும் கறுப்புமான நம் குடும்பங்கள் இதை யாரோ எவரோ பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. கருவியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒற்றை எண்ணை மட்டும் நம்பாமல், அளவு வழக்கத்தைவிட இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இது மருத்துவத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 2020ஆம் ஆண்டு சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடு என்று தெரிந்தது. பத்தாண்டுக்கு முன் அது 32.3. தமிழ் 3.2இலிருந்து 2.5 ஆனது. அந்த எண்ணைச் சொல்லி நாம் வருந்தாத மேடை இல்லை. ஆனால், ஆங்கிலம் அதிகம் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் தாய்மொழி ஒன்றையும் வீட்டில் பேசுவதாக அதே கணக்கெடுப்பு கூறியது. கேள்வி ஒன்று கூடியதும் படம் மாறுகிறது. இதனால் கவலை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த 87 விழுக்காட்டில், பாட்டியிடம் நாளுக்கு நான்கு வாக்கியம் பேசும் பிள்ளையும் இருக்கலாம், சாப்பாட்டு மேசையில் முழுநேரமும் தமிழில் வாதாடும் பிள்ளையும் இருக்கலாம். யாரிடம், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்று அளக்கும் முறை கிடைத்தால்தான் மொழியின் உண்மை நிலை தெரியும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் புதிய கண்டுபிடிப்புகளுக்குத்தான் கைதட்டல். அட்டையில் வண்ண வண்ணப் பட்டை வரைபடங்கள் இருக்கும். எத்தனை முறை அளந்தீர்கள் என்று கேட்டால் மாணவர் ஆசிரியரைப் பார்ப்பார். குறை மாணவருடையது அல்ல, அந்தக் கேள்விக்கு நாம் மதிப்பெண் ஒதுக்கவில்லை. ஆசிரியர்களும் நடுவர்களும் ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள ஓர் அளவீட்டின் பிழையைக் கண்டுபிடித்த மாணவருக்கும் முதல் பரிசு கிடைக்க வேண்டும்.

தொடங்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீட்டில் எவ்வளவு தமிழ் பேசுகிறோம் என்று குடும்பத்தில் ஒவ்வொருவரும் முதலில் உத்தேசமாக எழுதிவையுங்கள். பிறகு ஒரு வாரம், மணிக்கு ஒரு முறை, அந்த நிமிடம் எந்த மொழியில் பேச்சு நடக்கிறது என்று குறியுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் வீட்டில் நான் எழுதிய உத்தேசம் பாதிக்குப் பாதி தவறு.