தூக்கி நிறுத்தக்கூடிய வண்டி

நாஞ்சில் நாட்டில் நாற்பதைக் கடந்த ஆண்கள் மீண்டும் மோட்டார் சைக்கிள் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றுவிட்டார்கள். வீட்டுக்கடனில் பெரும்பகுதி அடைந்துவிட்டது. பேருந்துக்கும் காருக்கும் நடுவே கழிந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் அலுத்துவிட்டன. கடைக்குச் சென்றதும் இவர்களில் பெரும்பாலோர் கேட்பது 350 சிசி வண்டியைத்தான். இந்தத் தேர்வு தவறு என்று நான் நினைக்கிறேன். நீண்ட இடைவெளிக்குப் பின் வண்டியோட்டத் திரும்புகிறவர் எடை குறைந்த வண்டியையே வாங்க வேண்டும் என்பது என் துணிபு.

இதை இலக்கிய வாசகர்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மோட்டார் சைக்கிள் குறித்த நம் கற்பனையில் பாதி திரைப்படத்திலிருந்து வந்ததென்றால் மறுபாதி புத்தகங்களிலிருந்து வந்தது. சே குவேராவும் ஆல்பெர்த்தோ கிரனாடோவும் 1952-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவைக் கடந்து சென்றது 1939-ஆம் ஆண்டைச் சேர்ந்த 500 சிசி நார்ட்டன் வண்டியில். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'லா பொதெரோசா'. வல்லமை மிக்கவள் என்று பொருள். சேயின் பயணக் குறிப்புகளைப் படித்தவர்கள் கவனித்திருப்பார்கள், அந்த வல்லமை மிக்கவள் அடிக்கடி விழுகிறாள். மூட்டை முடிச்சுகளைச் சுமந்த வண்டி சரளையிலும் மணலிலும் சாய்கிறது. இறுதியில் சிலி நாட்டில் கைவிடப்படுகிறது. எஞ்சிய தூரத்தை அவர்கள் லாரிகளிலும் கப்பலிலும் கால்நடையாகவும் கடந்தார்கள். அப்போது சேவுக்கு வயது 23, கிரனாடோவுக்கு 29. விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்த அந்த வயது உதவியது. நம்மிடம் அந்த வயது இல்லை.

இன்னொரு பயணமும் உண்டு. 1968-இல் ராபர்ட் பிர்சிக் தம் மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை சென்றார். வண்டி 305 சிசி ஹோண்டா. நமக்கு அது பெரிதாகத் தோன்றலாம்; அமெரிக்க நெடுஞ்சாலையின் அளவுகோலில் அது சிறிய வண்டி. அதை அவரே பழுது பார்த்தார், அதன் ஒலியைக் கேட்டு நலம் அறிந்தார். 1974-இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு வேராக இருந்தது, தன்னால் கையாள முடிந்த ஒரு பொருளோடு ஒரு மனிதனுக்கு ஏற்பட்ட உறவு. நம்மவர்கள் சேயின் வண்டியைக் கனவு காண்கிறார்கள். பிர்சிக்கின் வண்டியைக் கனவு காண்பதே அறிவுடைமை என்பேன்.

எண்களைச் சற்றுப் பார்ப்போம். இன்றைய புல்லட் 350 பெட்ரோல் நிரப்பி ஓட்டத் தயாராக நிற்கும்போது 195 கிலோ. அதே நிறுவனத்தின் வண்டிகளில் எளிதானது என்று சொல்லப்படும் ஹன்டர் 350 கூட 181 கிலோ. ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. 2023-இல் வந்த ஹோண்டா ஷைன் 100, 99 கிலோ. புல்லட்டுக்கும் ஸ்பிளெண்டருக்கும் உள்ள வேறுபாடு 83 கிலோ. நன்றாக உண்டு வளர்ந்த ஓர் ஆளின் எடை. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஆளை நாம் உணர்வதில்லை. ஓடும் சக்கரங்கள் தம் நிலையைத் தாமே காத்துக்கொள்ளும். வேகம் நடை அளவுக்குக் குறையும்போதுதான் அவர் நம் இடது காலின் மேல் இறங்குகிறார். நின்ற வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், சாயச் சாய அதைத் தாங்குவதற்கான விசை கூடிக்கொண்டே போகும். சிறு சாய்வில் தாங்க முடிந்தவர் அடுத்த நொடியில் தாங்க முடியாதவர் ஆகிறார். அந்த எல்லை 112 கிலோ வண்டியில் தொலைவில் இருக்கிறது. 195 கிலோ வண்டியில் அருகில் இருக்கிறது.

மீண்டும் ஓட்ட வந்த நண்பர்கள் விழுந்த கதைகளைக் கேட்டால் பெரும்பாலானவை வேகத்தில் நிகழ்ந்தவை அல்ல. வண்டியைத் திருப்பும்போது, சரிவில் பின்னால் தள்ளும்போது, கடை வாசலில் நிறுத்தும்போது, சிக்னலில் காலூன்றிய இடத்தில் சிறு பள்ளம் இருந்தபோது. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கோயில் வீதியில் நின்றபடியே சாய்ந்து, வண்டிக்கும் தரைக்கும் இடையில் கணுக்கால் சிக்கி, மூன்று மாதம் விடுப்பில் இருந்தார். அவர் மீண்டும் வண்டியைத் தொடவில்லை. எனக்கு வருத்தம் தருவது அதுதான். பதினைந்து ஆண்டு காத்திருந்து பெற்ற ஒரு மகிழ்ச்சி ஒரே வாரத்தில் முடிந்துபோனது.

உடல் எதையும் மறப்பதில்லை என்பார்கள். அது பாதி உண்மை. கிளட்சை விடும் பதமும் கியர் மாற்றும் இசைவும் இரண்டு நாளில் திரும்பிவிடும். எதிரே வரும் ஆட்டோ எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே உணரும் கண் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் எடை கூடியிருக்கிறது, முழங்காலின் உறுதி குறைந்திருக்கிறது, இரவில் எதிர்விளக்கின் கூச்சம் முன்னைவிட நீடிக்கிறது. சில நேரங்களில் நினைவே பகையாகும். பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. இன்றைய புல்லட்டில் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதில் ஓட்டிப் பழகியவர் பதற்றத்தில் எந்தக் காலை அழுத்துவார் என்பதை அவராலேயே சொல்ல முடியாது. அவர் வாங்குவது இளமையில் ஓட்டிய வண்டியின் பெயரை மட்டுமே.

என் தலைமுறையின் கனவு வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உற்பத்தியானது. 98 சிசி எஞ்சின், சுமார் 11 குதிரைத்திறன். இன்றும் பழைய வண்டிகளைப் பெரும்விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதன் புகழுக்குக் காரணம் என்ன? அந்த எஞ்சின் நூறு கிலோவை ஒட்டிய எடையைத்தான் இழுக்க வேண்டியிருந்தது. நாம் நினைவில் போற்றும் அந்தத் துள்ளல் எடைக்குறைவு தந்த கொடை. அதை மறந்துவிட்டு, இளமையைத் தேடி ஏறத்தாழ இரு மடங்கு எடையை வாங்குவது விந்தைதான்.

இனி நம் சாலைகள். பூதப்பாண்டியிலிருந்து இறச்சகுளம், புத்தேரி வழியாக நாகர்கோவில் சென்று திரும்புவதுதான் இங்குள்ள பெரும்பாலோரின் அன்றாடப் பயணம். வயலும் குளக்கரையும் ஒட்டிய சாலைகள். கன்னிப்பூ அறுவடையிலும் கும்பப்பூ அறுவடையிலும் சாலையோரம் நெல் காயும், வைக்கோல் பரந்து கிடக்கும். நனைந்த வைக்கோலின் மேல் பிரேக் பிடித்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்டது என்று. இருபருவ மழையும் பெய்யும் மாவட்டம் இது. கீரிப்பாறைப் பக்கம் சென்றால் ரப்பர் இலைகள் ஈரத்தோடு சாலையில் ஒட்டிக் கிடக்கும். இங்கே வேகத்தைக் காட்டும் இடங்கள் குறைவு. நிற்கவும் ஒதுங்கவும் திரும்பவும் வேண்டிய இடங்கள் மிகுதி. கனத்த வண்டியின் நலன்கள் யாவும் நீண்ட நேர்ச்சாலைக்கு உரியவை.

இந்தச் சாலைகளில் வண்டியை நம்பி வாழ்கிறவர்கள் எதை ஓட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர், தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுவருகிறவர், கடற்கரையிலிருந்து மீன்பெட்டியோடு ஊர் ஊராக வருகிறவர். ஸ்பிளெண்டர், பிளாட்டினா, தொண்ணூறு கிலோவுக்கும் குறைவான டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற வண்டிகளைத்தான் அவர்களிடம் காண்கிறோம். விலையும் மைலேஜும் முதன்மைக் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது இடத்தில் நிறுத்தி எடுக்கிறவருக்கு எடை என்ன என்பது எந்த இதழின் விமர்சகரைவிடவும் நன்றாகத் தெரியும். நான் வண்டி வாங்குமுன் யோசனை கேட்ட மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சார், ஓட்டிப் பாத்து வாங்காதீங்க, தள்ளிப் பாத்து வாங்குங்க."

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது கௌரவம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரிலிருந்து ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் புல்லட்டுகள் சென்ற காலத்திலிருந்து அந்த வண்டி அதிகாரத்தின் ஒலியாக நம் காதில் பதிந்துவிட்டது. ஒரு பேராசிரியர் பால்காரரின் வண்டியில் வருவதா என்ற கேள்வியை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். சிறிய வண்டியை இழிவாக எண்ணுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1958-இல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் என்ற சின்னஞ்சிறு வண்டி 2017-க்குள் பத்துக் கோடிக்கு மேல் உற்பத்தியானது. எஞ்சின் பூட்டிய வண்டிகளில் உலகம் அதிகம் ஓட்டியது அதைத்தான். எந்த வண்டியில் வருகிறார் என்பதை வைத்து ஆளை எடைபோடும் ஊரில், அந்த எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

இரண்டாவது வாதம் காற்று. இது மெய்யான வாதம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே செல்கிறவரை, பக்கவாட்டுக் காற்று சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிடும். லாரியின் மறைவிலிருந்து வெளிப்படும் கணம் இன்னும் மோசம். எடை மிகுந்த வண்டி அங்கே நிலையாக நிற்கும்; இலேசான வண்டி அலைபாயும். வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல், உடலைத் தாழ்த்தி ஓட்டினால் பெரும்பாலான நாள்களில் சமாளிக்கலாம். அன்றாடம் அந்தக் கணவாயைக் கடந்தாக வேண்டியவர் 140 கிலோ அளவில் ஒரு 150 அல்லது 160 சிசி வண்டியை எண்ணிப் பார்க்கலாம். அதற்காக 195 கிலோவுக்குத் தாவ வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம், எடை குறைவு என்றால் ஸ்கூட்டர் போதுமே என்பது. நகரத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் விழுந்து எழும் குழியை மோட்டார் சைக்கிளின் பதினெட்டு அங்குலச் சக்கரம் தாண்டிவிடும். நம் குளக்கரைச் சாலைகளுக்குப் பெரிய சக்கரமே ஏற்றது.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை எளியவை. எஞ்சினை அணைத்த நிலையில் ஏறி அமர்ந்து இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிகின்றனவா என்று பாருங்கள். இருக்கையின் உயரம் ஸ்பிளெண்டரில் 785 மில்லிமீட்டர், புல்லட்டில் 805. இருபது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் அகன்ற இருக்கை தொடைகளை விரிப்பதால் கால் இன்னும் குறுகும். இறங்கி நின்று வண்டியைப் பத்தடி பின்னோக்கித் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் ஏற்றி இறக்குங்கள். நண்பர் ஒருவரை மறுபக்கம் துணைக்கு நிறுத்திவிட்டு, வண்டியைச் சிறிது சாய்த்து மீட்டுப் பாருங்கள். பின்னிருக்கையில் மனைவியோ மகளோ அமர்ந்த நிலையிலும் இதைச் செய்ய வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் நிறுத்தி எடுக்கக்கூடிய வண்டி என்றால் அது மேலும் ஒரு நன்மை.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸும், அதற்கு உட்பட்டவற்றுக்குக் குறைந்தபட்சம் இரு சக்கர பிரேக்குகளையும் இணைக்கும் சிபிஎஸ்ஸும் கட்டாயமாயின. சிறிய வண்டியிலேயே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உள்ள வகை கிடைத்தால் அதையே வாங்கலாம். 2024-இல் வந்த ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் போல, 125 சிசியிலேயே ஏபிஎஸ் தரும் வண்டிகளும் இப்போது உண்டு. அதன் எடை 136 கிலோ. பகலிலும் முன்விளக்கு எரிகிறதே என்று கலங்க வேண்டாம். 2017 முதல் அது விதி. இன்றும் எதிரே வருகிறவர்கள் கையை விரித்துக் காட்டி நமக்கு நினைவூட்டுவார்கள், தலையசைத்துவிட்டுச் செல்லலாம்.

ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். இதைத் தொல்லை என்று நினைக்காமல் வாய்ப்பாகக் கொள்ளலாம். தலைக்கவசத்துக்கு வாதம் தேவையில்லை. ஒரு வரலாறு போதும். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி. இ. லாரன்ஸ் 1935-இல் தம் பிரஃப் சுப்பீரியர் வண்டியில் செல்கையில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க விலகி, தூக்கி எறியப்பட்டு, ஆறாம் நாள் தலைக்காயத்தால் இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் பின்னர் தலைக்கவசம் குறித்து மேற்கொண்ட ஆய்வுகளே பிரிட்டிஷ் ராணுவத்தில் அதைப் பரவலாக்கின. லாரன்ஸ் தேர்ந்த ஓட்டி, இடைவெளியின்றி ஓட்டியவர். நாம் இடைவெளிக்குப் பின் வருகிறவர்கள்.

புல்லட் மீது எனக்குப் பகை இல்லை. திரும்பி வருகிறவர் முதலில் ஒரு சிறிய வண்டியில் இரண்டு பூ அறுவடையைக் கடக்கட்டும். ஒரு ஆடிக் காற்றையும் ஒரு ஐப்பசி மழையையும் பார்க்கட்டும். அதன்பின்னும் கனத்த வண்டிதான் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளுக்கு நம் ஊரில் எப்போதும் ஆள் உண்டு. பெரிய நட்டமில்லாமல் விற்றுவிடலாம். கணுக்காலுக்கு அப்படியொரு சந்தை இல்லை.