விண்ணப்பம் நிரப்பும் முன்

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுவாரமே பங்கு இல்லத்து வாசலில் பெற்றோர் கூட்டம் கூடிவிடுகிறது. நன்னடத்தைச் சான்றிதழுக்காகச் சிலர், பரிந்துரைக் கடிதத்துக்காகச் சிலர், "எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி, சாமி?" என்று கேட்க வருவோர் சிலர். கேள்வியோடு விடையையும் அவர்களே கொண்டுவருவதுண்டு. கட்டடம் பெரிது, பேருந்து தெருமுனை வரை வருகிறது, படித்து முடித்த கையோடு வேலை. ஆனால் அந்தப் பிள்ளை அங்கே யாரோடு அமர்ந்து உண்பான், யாரோடு அறையைப் பகிர்வான், துன்பம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வான் என்று விசாரித்துவிட்டு வந்த பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது சிறிய காரியம் அன்று. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதை நம் வாசகர்களில் வயதானோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தத் துயரத்தின் விளைவாகவே 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் ஒழுங்குவிதிகளை வகுத்தது. அதன்படி மாணவரோடு பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். 1800-180-5522 என்னும் இலவசத் தொலைபேசி இரவு பகலாக இயங்குகிறது. பத்திரத்தில் கையொப்பமிடும் தந்தையர் எத்தனைபேர் அதை வாசித்துப் பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

புகழ்பெற்ற நிறுவனம் என்பதாலேயே உள்ளே எல்லாம் சீராக இருக்கும் என்று நம்பிவிடுவதற்கில்லை. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைக் குறித்து 2007-இல் வெளிவந்த தோரட் குழுவின் அறிக்கை, தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் தனித்து ஒதுங்கி வாழ நேர்ந்த நிலையை எடுத்துரைத்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியிலேயே இந்நிலை! நம் மாநிலத்தில் 2024-இல் நீதியரசர் சந்துரு அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது எனப் பரிந்துரைக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் எப்படி அறிந்துகொள்வது? நேரில் போய்ப் பார்ப்பதே வழி. விழா நாளில் போகவேண்டாம். கலைவிழாவில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். சாதாரண வேலை நாளொன்றில், நண்பகலில், உணவகத்தில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் அமருங்கள். யார் யாரோடு சேர்ந்து உண்கிறார்கள், தனியே உண்பவர் எவர், மணிக்கட்டில் என்ன நிறக் கயிறு என்பதெல்லாம் கண்ணில் படும். பிறகு இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். முதலாண்டின் வலி அவருக்கு இன்னும் ஆறியிராது. இறுதியாண்டு மாணவருக்கோ எல்லாம் இனிய நினைவாகிவிட்டிருக்கும். உங்களைப் போன்றே கூலிவேலையோ மீன்பிடித் தொழிலோ செய்யும் வீட்டிலிருந்து வந்த மாணவரைத் தேடிப் பேசினால் இன்னும் நல்லது. "உனக்குக் காய்ச்சல் வந்தபோது யார் கவனித்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். விடுதியைப் பற்றி வேறெந்தக் கேள்வியும் இத்துணை உண்மையை வெளிக்கொணராது.

பெண்மக்களைப் பெற்றோர், விடுதிக் கதவு மாலையில் எத்தனை மணிக்கு அடைக்கப்படுகிறது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதே வேளையில் நூலகம் யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். ஆண் மாணவர் இரவு பத்துவரை படிக்க, நம் மகள் ஆறு மணிக்கே அறைக்குள் அடைபடுவாளாயின், கட்டணத்தில் பாதியையாவது அவளுக்குத் திருப்பித் தர வேண்டாமா? பாலியல் தொல்லைகள் குறித்து விசாரிக்கும் உள்ளகக் குழுவின் உறுப்பினர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளனவா என்றும் பாருங்கள். மாணவர் தொடர்பான புகாரை விசாரிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் அக்குழுவில் அமரவேண்டும் என்பது மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதி. 'நம்மவர் நடத்தும் கல்லூரிதானே' என்று எதையும் கேளாமல் சேர்ப்பதும் முறையன்று. வாசலில் சிலுவை நிற்பது விடுதி அறையில் நடப்பதற்குச் சான்று ஆகாது.

தரவரிசைப் பட்டியலைப் பார்க்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் எத்தனையாவது இடம் என்று மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள். அதற்காகக் கல்லூரி அளித்த விவரங்கள் அதன் இணையதளத்திலேயே இருக்கும். மாணவியர் எத்தனைபேர், வெளிமாநிலத்தார் எத்தனைபேர், பொருளாதாரத்தில் நலிந்தோர் எத்தனைபேர், முழுக் கட்டணச் சலுகை பெறுவோர் எத்தனைபேர் என்றெல்லாம் அதில் காணலாம். உங்கள் பிள்ளை நூற்றுவரில் ஒருவனா, நூற்றுவரிடையே தனியனா என்பதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு வருவோம். "எங்களுக்கு இருபது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம்" என்று விளம்பரம் செய்யாத கல்லூரி இன்று அரிது. ஒப்பந்தம் என்பது பல வேளைகளில் இருவர் கைகுலுக்கிய படம் மட்டுமே. கடந்த ஆண்டு எத்தனை மாணவர் போய்வந்தார்கள், அவர்களில் ஒருவரோடு தொலைபேசியில் பேசலாமா என்று கேளுங்கள். விடை தயங்கினால் பொருள் விளங்கும்.

மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, இரட்டைமுறைப் படிப்பில் மொத்தக் கிரெடிட்டுகளில் 30 விழுக்காடு வரையே வெளிநாட்டில் பெறலாம். ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் பயணச் செலவும் மாத உதவித்தொகையும் தருகிறது. ஆனால் ஒரு பருவம் போய்வரும் மாணவர் பரிமாற்றத்துக்குக் கல்லூரியின் வழியாகவே போக முடியும். ஆகவே அந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைச் சேருமுன்பே அறிய வேண்டும். உதவித்தொகை இன்றிப் போவோர் கைப்பணத்தையும் கணக்கிடுக. ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதை மட்டும் கேட்டுவிட்டு நகையை அடகு வைக்கப் புறப்பட்டவர்களை நாம் அறிவோம்.

நாம் அறிந்த மாணவி ஒருத்தி ஐரோப்பாவில் ஒரு பருவம் நன்றாகவே படித்துத் திரும்பினாள். தேறிய ஐந்து பாடங்களில் இரண்டையே அவளுடைய கல்லூரி ஏற்றுக்கொண்டது. மற்ற மூன்றையும் இளையவர்களோடு அமர்ந்து மீண்டும் எழுதினாள். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதை மாணவரும் இரு நிறுவனங்களும் கையொப்பமிட்டு முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகப் பேராசிரியர் ஒருவர் சொன்னது அவளுக்குக் கைகொடுக்கவில்லை.

இவ்வளவும் விசாரித்தும் இடம் ஒத்துவராமல் போகலாம். ஆதலால் சேரும் நாளில் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். சரிபார்த்தபின் அவற்றை வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமையில்லை என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் அதே அறிவிப்பு வகைசெய்கிறது. அதன் நகல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.