எவர் குத்து வலியது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மிகு எடைப் பிரிவுக் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச்செழுந்தால் எங்கள் விடுதியில் உறக்கம் கெடும். ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, ஜார்ஜ் ஃபோர்மன், மைக் டைசன், டியான்டே வைல்டர் ஆகியோருள் எவர் குத்து வலியது என்பதே வழக்கு. "இன்றைய வீரர்கள் மலைபோன்ற உடலினர்; பழையவர்களின் குத்து இவர்களிடம் பலிக்காது" என்று ஒரு சாரார் அடித்துப் பேசுவர். இதனை நான் ஏற்பதற்கில்லை.

பலரும் எடுத்துக்காட்டுவது 'நாக்-அவுட்' கணக்கை. மார்சியானோ 49 போட்டிகளிலும் வென்றார்; அவற்றுள் 43 நாக்-அவுட். ஃபோர்மனுக்கு 76 வெற்றிகளில் 68. ஆனால் இக்கணக்கு அந்தந்தக் காலத்து விதிகளால் அமைந்தது. 1941-இல் பில்லி கானை லூயிஸ் சாய்த்தது 13-ஆம் சுற்றில். 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்தி மார்சியானோ பட்டம் பெற்றதும் 13-ஆம் சுற்றில்தான். இருவருமே அதுவரை புள்ளிகளில் பின்தங்கியிருந்தவர்கள். 1982-இல் தென்கொரிய வீரர் கிம் டக் கூ 14-ஆம் சுற்றில் வீழ்ந்து உயிரிழந்த பின்னரே 15 சுற்றுகள் படிப்படியாக 12 ஆயின. (நல்ல மாற்றம், அதில் எனக்கு மறுப்பில்லை.) அவ்விதி முன்பே இருந்திருந்தால் லூயிஸும் மார்சியானோவும் அவ்விரு இரவுகளிலும் தோற்றவர்களே!

கருவி கொண்டு அளந்தால் என்ன என்று கேட்கலாம். அளந்திருக்கிறார்கள். 1985-இல் இங்கிலாந்து வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்து சோதிக்கப்பட்டது. கையுறையின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர், உச்ச விசை 4096 நியூட்டன். அத்தகைய புரூனோவை மறு ஆண்டே டிம் விதர்ஸ்பூன் 11-ஆம் சுற்றில் சாய்த்துவிட்டார். அசையாத இலக்கில் விழும் விசை வேறு. நகர்ந்து, குனிந்து, திருப்பி அடிக்கும் மனிதனின் தாடையில் அதனைச் சேர்ப்பது வேறு. என் தந்தை கல்லுடைக்கும் தொழிலாளி. சம்மட்டியின் கனத்தைவிட அது விழும் இடமே கல்லைப் பிளக்கிறது என்பதைச் சூத்திரம் எதுவுமின்றியே அவர் சொல்லுவார்.

லூயிஸையும் வைல்டரையும் ஒரே மேடையில் ஏற்ற நம்மால் இயலாது. ஆயினும் இரு காலங்களிலும் நின்று அடித்த ஒருவர் உண்டு. 1973-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அதுவரை தோல்வியே அறியாத ஜோ ஃபிரேசியரை ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் ஆறுமுறை தரையில் வீழ்த்தினார். 1977-இல் ஓய்வு பெற்றுப் பத்தாண்டுகள் கழித்துத் திரும்பினார். 1994-இல், தம் 45-ஆம் வயதில், 35 போட்டிகளிலும் வென்றிருந்த 26 வயது மைக்கேல் மூரரை எதிர்கொண்டார். ஒன்பது சுற்றுகள் அடிவாங்கினார். பத்தாம் சுற்றில் ஒரு குட்டையான வலக்கைக் குத்து, மூரர் எழவில்லை. இடையில் 21 ஆண்டுகள் ஓடிவிட்டன. மனிதத் தாடை மட்டும் வலுப்பெற்றுவிடவில்லை. "ஃபோர்மனும் 98 கிலோவிலிருந்து 113 கிலோவாகிவிட்டாரே" என்பர். உண்மைதான், கூடியதில் பெரும்பங்கு வயிற்றில் என்பது படத்தைப் பார்த்தாலே விளங்கும். கையின் வேகமோ குறைந்திருந்தது.

2018-இல் வைல்டர் வீழ்த்தியும் 12-ஆம் சுற்றில் டைசன் ஃபியூரி எழுந்ததைப் புதுமைக் கட்சியினர் பெரிதாகச் சொல்லுவர். 1979-இல் எர்னி ஷேவர்ஸின் குத்தில் விழுந்த லாரி ஹோம்ஸும் எழுந்து, 11-ஆம் சுற்றில் வென்றாரே! எழுந்து நிற்பது எக்காலத்திலும் உண்டு. 68 நாக்-அவுட் கண்ட ஷேவர்ஸுக்கு உலகப் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

என் வரிசை இது: ஃபோர்மன் முதலாவது, ஷேவர்ஸ் அடுத்து. எடைக்கு எடை நிறுத்தால், சுமார் 84 கிலோ உடம்போடு வால்காட்டைச் சாய்த்த மார்சியானோவுக்கே என் வாக்கு. வைல்டர் கட்சியினர் அடுத்த ஆண்டு மலரில் மறுமொழி எழுதட்டும்.