ஓடாத வண்டிக்குத்தான் பேட்டரி சீக்கிரம் போகும்

போன மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கே திருவாதவூரிலிருந்து சித்தப்பாவின் போன்.

"ஏப்பா, கால்வாய்ல தண்ணி வந்துருச்சு. ஊரே உழுதுக்கிட்டிருக்கு. நம்ம டிராக்டர் மட்டும் சாவியத் திருப்புனா 'டிக் டிக்'குங்குது. நாலு வருஷத்துல இது மூணாவது பேட்டரி. புதுசு வாங்க மேலூருக்குக் கிளம்பிட்டேன். எந்தக் கம்பெனி வாங்கலாம், சொல்லு."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க சித்தப்பா. நான் வந்து பாத்துட்டு அப்புறம் வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு, மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் டிராக்டர் கொட்டகையில் இல்லை. கண்மாய்க் கரைச் சரிவில், பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். கல்லை எடுத்தால் வண்டி தானே உருளும், கியரில் போட்டு எடுத்துவிடலாம் என்ற கணக்கு. அந்தச் சரிவுக்குக் கீழே பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. முதல் வேலையாக வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தோம். பேட்டரியை அதற்குப் பிறகுதான் பார்த்தோம்.

பேட்டரி போனால் பணம் மட்டும் போவதில்லை. சரிவில் நிறுத்துவது, தரையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்குரூ டிரைவரால் தொட்டு எடுப்பது என்று ஆபத்தான பழக்கங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. வண்டி கியரில் கிடப்பது தெரியாமல் அப்படி எடுத்தால், பக்கத்தில் நிற்பவர் மேலேயே பின்சக்கரம் ஏறிவிடும். அதனால்தான் இந்த வாரம் பேட்டரியைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

உழைத்துச் சாவதில்லை, சும்மா நின்று சாகிறது

மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் ஒருபோகம்தான். தண்ணீர் திறந்தால் உழவு. அது முடிந்தால் டிராக்டருக்கு அங்கங்கே சில்லறை வேலை. மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகைக்குள் நிற்கும். பேட்டரிக்கு எமன் அங்கேதான் காத்திருக்கிறான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. கனடா போன்ற பனி நாடுகளில் 'ஸ்னோமொபைல்' என்று ஒரு வண்டி உண்டு. பனி மேல் சறுக்கி ஓடுவது. குளிர்காலத்தில் மட்டும்தான் அதற்கு வேலை. பனி உருகியதும் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும். அடுத்த பனிக்கு எடுக்கப் போனால் பேட்டரி செத்திருக்கும். அனுபவப்பட்டவர்கள் சீசன் முடிந்ததுமே பேட்டரியைக் கழற்றி, முழுதாகச் சார்ஜ் ஏற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள்.

அவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் ஆசிட் நீர்த்துப்போவதால், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி போனாலே உறைந்து பெட்டி வெடித்துவிடும். முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் ஐம்பதிலும் உறையாது. நமக்கு உறையும் பயம் இல்லை. ஆனால் வெயில் இருக்கிறது. சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும், பேட்டரி தானாகச் சார்ஜ் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது என்ன?

வண்டிகளில் நாம் வைத்திருக்கும் ஈய–ஆசிட் பேட்டரியை 1859-ல் பிரான்ஸ் நாட்டுக்காரர் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தார். இன்றும் அடிப்படை அதேதான். உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். மொத்தம் 12.6.

சார்ஜ் இறங்கும்போது ஈயத் தகடுகள் மேல் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் படிவு உண்டாகும். உடனே திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால், கல் உப்பு மாதிரி இறுகிப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுப் பலம் திரும்பாது. பேட்டரிக் கடையில் "சல்பேஷன் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

மூன்று அளவு போதும்

புது பேட்டரி வாங்கும் முன் மூன்று முறை வோல்ட் பாருங்கள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸ்ஸிலும் தொட வேண்டும்.

ஒன்று: வண்டி ஓய்ந்திருக்கும்போது. ராத்திரி முழுக்க நிறுத்தியபின் காலையில் பாருங்கள். 12.6 இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. 12.4-க்குக் கீழே வந்தாலே சார்ஜ் ஏற்றிவிடுவது நல்லது.

இரண்டு: செல்ஃப் அடிக்கும்போது. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். கியர் நியூட்ரலில்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சார்ஜ் நிரம்பிய பேட்டரியிலேயே வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வோல்ட் நன்றாக நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால், குறை வயரிலோ ஸ்டார்ட்டரிலோ இருக்கிறது.

மூன்று: இன்ஜின் ஓடும்போது. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. எத்தனை பேட்டரி மாற்றினாலும் பலன் இருக்காது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அடிக்கடி பல்பு ஃப்யூஸ் போவதும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் இதற்கு அடையாளம்.

சார்ஜ் ஏறவில்லையா?

செலவு இல்லாததிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் பேட்டரி முனைகள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மின்சாரம் தடைபடும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழுவும்போது மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

அடுத்தது பெல்ட். இன்ஜினை நிறுத்திவிட்டு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் அளவுக்கு அமுங்கலாம். தொளதொளவென்று இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது. மூன்றாவது எர்த் வயர். பாடியில் அது சேரும் இடத்தில் துருவும் சேறும் ஏறியிருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இதற்குப் பிறகும் சார்ஜ் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம்.

சித்தப்பா வண்டியில் திருடன் யார்?

சித்தப்பா பேட்டரி 11.6 வோல்ட் காட்டியது. அதாவது காலி. மேலூர்ப் பேட்டரிக் கடையில் கொடுத்து, ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றி வாங்கினோம். 75 ஏ.எச். பேட்டரி என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏழரை ஆம்பியர்தான் கணக்கு. அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் தகடு கெட்டுவிடும். கடைக்காரரே ஹைட்ரோமீட்டர் போட்டு ஆறு செல்லையும் பார்த்தார். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைவாகக் காட்டினால் அந்தப் பேட்டரி தேறாது. இதில் எல்லாம் ஒரே அளவாக இருந்தன.

மறுநாள் மாட்டினோம். ஓய்வில் 12.6. செல்ஃப் அடிக்கும்போது 10.2. ஓடும்போது 14.1. பேட்டரியும் நன்றாக இருக்கிறது, சார்ஜும் ஏறுகிறது. அப்படியானால் வண்டி நிற்கும்போது யாரோ திருடுகிறார்கள்.

சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்துப் பார்த்தேன். (இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது. மீட்டர் எரிந்துவிடும்.) 0.06 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கச் சின்னதுதான். ஆனால் ஒரு நாளைக்கு 1.44 ஏ.எச். ஐம்பது நாளில் 75 ஏ.எச். பேட்டரி காலி.

வயரைப் பிடித்துக்கொண்டே போனால், மட்கார்டில் மாட்டியிருந்த பாட்டுப் பெட்டியில் போய் முடிந்தது! தம்பி ஆசையாக மாட்டியது. சாவி வழியாகக் கொடுக்காமல் நேரே பேட்டரியில் இழுத்திருந்தான். பாட்டு பாடாவிட்டாலும் அது உள்ளுக்குள் விழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"இது எப்ப மாட்டுனது?"

"நாலு வருஷம் இருக்கும்ண்ணே" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

நாலு வருஷம், மூன்று பேட்டரி. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ரெண்டையும் பழைய இரும்பு விலைக்குல்ல போட்டேன்" என்று மட்டும் முணுமுணுத்தார். பாட்டுப் பெட்டியைச் சாவி வழியாக மாற்றி, மைனஸ் வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டோம். புது பேட்டரிச் செலவு மிச்சம். ஆனால் அத்தனை நாள் காலியாகக் கிடந்த பேட்டரி, இழந்த ஆயுளில் கொஞ்சத்தைத் திரும்பத் தராது. அதையும் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டு ஸ்கூட்டருக்கும் இதே பாடம்

டிராக்டர் இல்லாதவர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். ஸ்கூட்டரில் தெருமுனைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய் வருகிறீர்களா? செல்ஃப் எடுத்துக்கொள்ளும் சார்ஜ் அந்த அரை கிலோமீட்டரில் திரும்பி வராது. 2017-க்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவதில் பெரிய பயன் இல்லை. சமீபத்திய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் சீல் வைத்த பேட்டரிதான். அதைத் திறந்து தண்ணீர் ஊற்ற முயற்சி செய்யாதீர்கள்.

மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்களா?

* முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள்.
* கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். அப்போதுதான் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.
* பேட்டரியை வெயில் படாத, காற்றோட்டமான, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது.
* மாதம் ஒரு முறை வோல்ட் பாருங்கள். 12.4-க்கு வந்தால் சார்ஜ் ஏற்றுங்கள்.
* தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரோ கேன் தண்ணீரோ கூடாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது. தகடு மூழ்கியிருந்தால், சார்ஜ் ஏற்றிய பிறகே அளவுக்கு ஊற்றுங்கள்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். கண்ணில் ஆசிட் தெறித்தால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள்.

உண்மையிலேயே ஆயுள் முடிந்த பேட்டரியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கொல்லையில் உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் போடாதீர்கள். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

நான் கிளம்பும்போது சித்தப்பா வயலில் இருந்தார். டிராக்டர் சத்தம் ரோடு வரை கேட்டது, பாட்டுச் சத்தமும்தான். கண்மாய்க் கரையில் அந்த முட்டுக்கல் மட்டும் கிடந்தது. அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.